அழுத்தாதீர்கள்

நான்கு மொழியில் எழுதி வைத்திருக்கிறேன்
அழுத்தாதீர்கள் என்று.
தமிழில் என் கையெழுத்து.
சீனம், எதிர்க்கடை மீன்காரர் எழுதித் தந்தது.
மலாயில் ஒரு எழுத்து விட்டுப்போயிற்று என
மூன்று பேர் சொல்லியாயிற்று.
நான்கு மொழிக்காரர்களும் அழுத்துகிறார்கள்.

பங்கனபள்ளி பொறுத்துக்கொள்ளும்.
கிளிமூக்குக்கு உறைக்கவே உறைக்காது.
இமாம் பசந்துக்கு ஆகாது.
தோல் பச்சையாகவே இருக்க
உள்ளே குழைந்துவிட்டிருக்கும்.
காலையில் பதிந்த கட்டைவிரல்
மாலைக்குள் கறுத்து
யாரோ வந்துபோனதைச் சொல்லும்.

மே மூன்றாம் வாரம்
திருச்சி விமானத்தில் முதல் பெட்டிகள்.
வைக்கோல், அதன்மேல் பழைய நாளிதழ்,
தேர்வு முடிவுகளுக்கு நடுவே மூன்று கிலோ.
விலையைச் சொன்னதும்
தேக்கா சந்தையிலேயே கொஞ்சம் அமைதி உண்டாகும்.

ஜைனுலாபுதீன் பாய் வருடாவருடம் கேட்பார்:
"எந்த இமாமும்மா? அவர் ருசிச்சிட்டுப் போயிட்டாரு,
காசு நான்ல கொடுக்கிறேன்."
மடிக்கணினிப் பையோடு ஒரு ஹைதராபாத்துப் பெண்
அது ஹிமாயத், தப்பாக எழுதியிருக்கிறீர்கள் என்றாள்.
சியூ ஹூன் ஆண்டிக்குப் பெயரே வேண்டாம்.
"அந்தப் பச்சை, அந்த விலை கூட" என்று கை நீட்டுவார்.

ஞாயிறு மூன்று மணி.
விடுதிப் பேருந்துகள் இறக்கிவிட்ட கூட்டத்தில்
ஒருவன் மட்டும் பலகையைப் படித்தான்.
கையைப் பின்னால் கட்டிக்கொண்டு
குனிந்து காம்பைப் பார்த்தான்.

"அஞ்சு நாள் முந்தியே பறிச்சிட்டாங்க அக்கா.
இந்தக் கறுப்புக் கோடு பாருங்க,
காம்பைக் கவுத்துப் பால் வடிய விடல.
பெட்டிக் கணக்குக் கூலியா இருக்கும்.
நாள் கணக்குன்னா நிதானமா வச்சிருப்பான்."

ஒரு பழத்தில் இவ்வளவு எழுதியிருக்கும் என்று
பதினோரு வருடமாய் விற்கும் எனக்குத் தெரியாது.

பெயர் தவசி.
துவாஸ் கப்பல் பட்டறையில் சாரம் கட்டுகிறான்,
இங்கேயும் ஏறுகிற வேலைதான்.
அதற்கு முன் குமுளூர்ப் பக்கம்
குத்தகைத் தோப்பில் ஏழு பருவம்.

"அப்ப ருசியை நீங்களே சொல்லுங்க" என்றேன் உரக்க,
பக்கத்தில் இரண்டு வாடிக்கையாளர்கள்.

"தெரியலக்கா.
விழுந்தது, அணில் கடிச்சது,
அதைக்கூட எண்ணி வாங்கிக்குவாங்க.
கையைத்தான் மோந்து பாத்திருக்கேன்."

வாடிக்கையாளர்கள் வெண்டைக்காய் பக்கம் நகர்ந்தார்கள்.

ஒன்றே ஒன்று, அறுநூற்று நாற்பது கிராம்.
குறைத்துச் சொன்னேன். வேண்டாம் என்றான்.
நோட்டை நீவித் தட்டில் வைத்தான்.
"கத்தி கிடைக்குமா?"

பின்வாசல் படியில்
பூக்கூடைக்கும் உருகும் மீன் ஐசுக்கும் இடையே
உட்கார்ந்து, தோலோடு அரிந்து,
அவசரமே இல்லாமல் தின்றான்.
நான் கறிவேப்பிலைக் கட்டுகளை
மூன்று தடவை அடுக்கினேன்.

கத்தியைக் கழுவிக் கொண்டுவந்தான்,
பிடி என் பக்கம் இருக்கும்படி.

"எப்படி?"

"இவ்வளவுதானாக்கா?"

குறை சொன்ன மாதிரியும் இல்லை.
வாயைத் துடைத்தான். கொஞ்சம் நின்றான்.
"இது ஒண்ணுக்காகத்தான்
தங்கராசை மரத்துல கட்டி வச்சாங்க.
ராத்திரி வரைக்கும்."

என்ன சொல்வதென்று தெரியாமல்
பிளாஸ்டிக் பை வேண்டுமா என்று கேட்டேன்.
எதைப் போட என்று அவனும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறும் வந்தான்.
வாங்கவில்லை.
பலகையை இன்னொரு முறை படித்தான்,
தமிழை மட்டும்.
பிறகு என்னைப் பார்த்துக்கொண்டே
ஒரு பழத்தை,
கட்டைவிரலால்,
நிதானமாக, நகம் வெளுக்கும் வரை.

நான் தடுக்கவில்லை.

மாலையில் அது கறுத்தது.
விலையைக் குறைக்காமல்
முன்வரிசையில் வைத்தேன்.